வயதும் தாடையும்: பல் எக்ஸ்ரே ஆய்வில் இறங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

ஆறு வயதுப் பேரனின் தாடைப் படத்தையும் எழுபது வயது ஆயாவின் தாடைப் படத்தையும் ஒரே திரையில் அருகருகே வைத்துப் பாருங்கள். பேரனின் படத்தில் பால்பற்களுக்கு அடியில் நிலைப்பற்கள் நெருக்கியடித்துக் கொண்டிருக்கும்; காதுக்குக் கீழே தாடை வளைகிற பின்கோணம் (தாடைக் கோணம்) விரிந்திருக்கும்; உதட்டுக்கும் மோவாய்க்கும் செல்லும் நரம்பு வெளியேறுகிற மோவாய்த் துளை எலும்பின் கீழ் விளிம்புக்கு நெருக்கமாக இருக்கும். பற்களை முழுவதும் இழந்த ஆயாவின் படத்தில் எலும்பின் உயரம் பாதியாகக் குறைந்து, அதே துளை மேல் விளிம்பை ஒட்டி நிற்கும். பின்கோணம் மறுபடியும் விரிந்ததுபோல் தோன்றும். இந்த இரண்டையும் பார்க்கிற புதியவர், வயதானால் தாடை இப்படித்தான் ஆகும் என்று உடனே எழுதிவிடத் துடிப்பார். ஆயாவின் தாடையை அப்படி ஆக்கியது வயதா, பற்களை இழந்ததா, படம் எடுத்த விதமா என்று பிரித்தறிவதுதான் இந்தத் துறையின் முதல் வேலை. கடைசி வேலையும் அதுவே.

தென்னாப்பிரிக்காவின் டர்பன், சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், தொங்காட் பகுதிகளில் பல் சிகிச்சையாளர்களாகவும் வாய்ச் சுகாதாரப் பணியாளர்களாகவும் எக்ஸ்ரே பிரிவிலும் வேலை செய்துகொண்டு, மேற்படிப்புக்காக முதன்முதலில் ஓர் ஆய்வைத் தொடங்க நினைக்கும் நம்மவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கருவி பெரிதாகத் தேவையில்லை. ஒரு கணினி, ஏற்கெனவே எடுத்து வைக்கப்பட்ட படங்கள், முறையான அனுமதி, அவசரப்படாத கண் ஆகியவை போதும்.

எலும்பைப் பற்றி முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டியவை

பிறக்கும்போது கீழ்த்தாடை இரு பாதிகளாக இருந்து, முதல் ஆண்டுக்குள் மோவாய் நடுவில் ஒன்றாக இணைகிறது. அதன்பின் தாடை காதை நோக்கி மேலேறும் ஏறுபகுதியில் முன்பக்க எலும்பு கரைந்து பின்பக்கம் புது எலும்பு படிந்துகொண்டே போவதால்தான், ஆறு வயதில் முதல் கடைவாய்ப்பல்லுக்கும் பன்னிரண்டு வயதில் இரண்டாவதற்கும் பிறகு ஞானப்பல்லுக்கும் இடம் கிடைக்கிறது. பிள்ளைப்பருவம் முழுவதும் பின்கோணம் மெல்லக் குறுகி, வளர்ந்தவர்களில் பெரும்பாலும் 120 பாகையை ஒட்டி வந்து நிற்கும்.

வளர்ச்சி பதினெட்டு வயதில் முடிந்துவிடுகிறது என்று எண்ண வேண்டாம். அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சிறுவயதில் படம் எடுக்கப்பட்டவர்களை ரோல்ஃப் பெஹ்ரென்ட்ஸ் பல பத்தாண்டுகள் கழித்து மீண்டும் அழைத்துப் படம் எடுத்து, முகத்தின் எலும்புகள் வளர்ந்த பின்னும் சிறிது சிறிதாக மாறிக்கொண்டே இருக்கின்றன என்று 1980களில் காட்டினார். ஒரே மனிதரைக் காலம்தோறும் பார்த்ததால் கிடைத்த அறிவு அது.

பற்களைத் தாங்கும் பற்குழி எலும்பு பற்களுக்காகவே இருப்பது. பல் போனால் அதற்கு வேலையில்லை, கரைந்துவிடும். பிடுங்கிய முதல் ஆண்டில் இந்தக் கரைவு மிக வேகமாக இருக்கும், பிறகு மெதுவாகும், ஆனால் நிற்காது. முழுப் பல்செட்டு அணிந்தவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த டால்கிரெனின் 1972ஆம் ஆண்டு ஆய்வில், கீழ்த்தாடையின் கரைவு மேல்தாடையுடையதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று தெரியவந்தது. ஆயாவின் மோவாய்த் துளை மேலேறி வரவில்லை என்பதை இங்கே கவனியுங்கள். துளை இருந்த இடத்திலேயே இருக்க, அதற்கு மேலிருந்த எலும்புதான் போய்விட்டது.

கேள்வியைச் சிறிதாக்குங்கள்

முதல் ஆய்வுக்கு ஒரு கேள்வியும் ஓர் அளவும் போதும். "வயதும் வாய் ஆரோக்கியமும்" என்பது கேள்வியல்ல. "ஐம்பது வயதைக் கடந்த பெண்களில், மீதமுள்ள பற்களின் எண்ணிக்கைக்கும் தாடைக் கோணத்துக்கும் தொடர்பு உண்டா?" என்பது கேள்வி. பிள்ளைகளைப் பற்றி ஆராய விரும்பினால் பல் வளர்ச்சியை வைத்து வயது கணிப்பதை எடுத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு கனடியப் பிள்ளைகளின் படங்களைக் கொண்டு 1973இல் டெமிர்ஜியான் வகுத்த முறையில், இடது கீழ்த்தாடையின் ஏழு நிலைப்பற்களையும் ஏ முதல் எச் வரை எட்டு நிலைகளில் ஒன்றில் வைத்து மதிப்பெண் கூட்டுவார்கள். தென்னாப்பிரிக்கப் பிள்ளைகளின் மூன்று குழுக்களில் இதைச் சோதித்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. அவற்றுள் ஒன்று இந்திய வம்சாவளிப் பிள்ளைகளின் குழு. டெமிர்ஜியான் முறை வயதைக் கூட்டியும், அதற்கு முந்தைய மூரீஸ் முறை குறைத்தும் காட்டுவதாக அதில் தெரிந்தது. வேற்றூர்ப் பிள்ளைகளின் அளவுகோல் நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்தாது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. இங்கே எடுத்த படங்களை இங்கேயே அளக்கும் சிறிய ஆய்வுகளுக்கும் மதிப்பு இருப்பது இதனால்தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்நாட்டுப் பதிவேடுகளில் "இந்தியர்" என்று இருப்பது நிறவெறி அரசு வகுத்த பிரிவின் மிச்சம். 1860 நவம்பரில் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்து இறங்கியவர்களின் வழிவந்தோரும், வணிகத்துக்காகக் குஜராத்திலிருந்து வந்தவர்களின் வழிவந்தோரும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்குகிறார்கள். அந்தப் பதிவை வைத்துக்கொண்டு "தமிழர் தாடை" என்று ஒன்றை நிறுவ முயல வேண்டாம். நோயாளி தன் குடும்பத்தைப் பற்றித் தானே சொன்ன விவரம் கையில் இருந்தால் மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எந்தப் படம்

வளைந்த தாடையைச் சுருண்ட பாயை விரித்துப் போட்டாற்போல் ஒரே படத்தில் காட்டுவது ஓபிஜி. ஃபின்லாந்தின் பாட்டெரோ இதை உருவாக்கி வளர்த்தார். நம் மருத்துவமனைகளின் சேமிப்பில் அதிகம் கிடைப்பதும் இதுதான். ஒரு ஓபிஜிக்கான கதிர் அளவு ஏறத்தாழ 20 மைக்ரோசீவர்ட். இயற்கையிலேயே நம் எல்லோர்மீதும் படும் கதிர்வீச்சில் சில நாள் அளவு. குறை என்னவென்றால், படம் உண்மையைவிட 20 முதல் 30 விழுக்காடு பெரிதாக இருக்கும். அதுவும் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இருக்காது. குறுக்குவாட்டு நீளங்களை நம்பக் கூடாது. நெட்டுவாட்டு அளவுகளைக் கவனத்தோடு பயன்படுத்தலாம். கோணங்களும் விகிதங்களும் மேலும் பாதுகாப்பானவை.

பக்கவாட்டுத் தலைப்படம் பல் சீரமைப்புச் சிகிச்சை பெறும் இளையோருக்கே பெரும்பாலும் எடுக்கப்படுவதால் முதியோர் படம் கிடைப்பது அரிது. சிபிசிடி என்னும் கூம்புக்கற்றை சிடி ஸ்கேன் முப்பரிமாணத்தில் நுட்பமாக அளக்க உதவும், ஆனால் கதிர் அளவு கூடுதல், படங்களும் குறைவு. முதல் ஆய்வுக்கு ஓபிஜியே நல்லது.

எதை எடுத்தாலும் ஒரு விதி உண்டு. ஆய்வுக்காக மட்டும் ஒருவருக்கும் எக்ஸ்ரே எடுக்காதீர்கள். சிகிச்சைக்காக ஏற்கெனவே எடுத்த படங்களையே பயன்படுத்துங்கள்.

அனுமதி

ஒரு படத்தைக்கூடத் திறக்கும் முன் நெறிக்குழுவின் ஒப்புதல் கையில் இருக்க வேண்டும். 2003ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரச் சட்டத்தின்படி, மனிதர் சார்ந்த ஆய்வுகளைப் பரிசீலிக்கும் குழு தேசிய சுகாதார ஆய்வு நெறிமன்றத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். குவாசுலு நேட்டால் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு அங்குள்ள உயிர்மருத்துவ ஆய்வு நெறிக்குழு இருக்கிறது. அரசு மருத்துவமனைப் படங்கள் வேண்டுமென்றால் தேசிய சுகாதார ஆய்வுத் தரவுத்தளம் வழியாக மாகாணச் சுகாதாரத் துறைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். மருத்துவமனைத் தலைவரின் இசைவுக் கடிதம் தனி. இதற்கெல்லாம் மாதங்கள் ஆகும் என்பதால் கேள்வி முடிவானவுடனேயே தொடங்கிவிடுங்கள்.

2021 ஜூலை முதல் முழுமையாகச் செயல்படும் போப்பியா என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தகவலைச் சிறப்புக் காப்புக்குரியதாக வைத்திருக்கிறது. மருத்துவப் படங்களைச் சேமிக்கும் டைகாம் கோப்பில் பெயரும் பிறந்த நாளும் படத்தோடு உள்ளேயே பதிந்திருக்கும். கோப்பின் பெயரை மட்டும் மாற்றினால் அவை போகா. மருத்துவமனையிலேயே அவற்றை நீக்கி, பிறந்த நாளுக்குப் பதில் படம் எடுத்த நாளில் இருந்த வயதை ஆண்டும் மாதமுமாக எழுதி, ஓர் எண் இட்டு வாங்குங்கள். எண்ணையும் பெயரையும் இணைக்கும் திறவுப் பட்டியல் மருத்துவமனையில் ஒருவரிடம் மட்டும் இருக்கட்டும், உங்களிடம் வேண்டாம்.

படங்களைச் சலித்தல்

புதியவர்கள் அவசரப்படுவது இங்கேதான். ஆய்வு கெடுவதும் இங்கேதான். ஓபிஜி எடுக்கும்போது நோயாளி நிமிர்ந்து நின்று, முன்பற்களால் கடிகட்டையின் பள்ளத்தைக் கடித்து, நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, சில விநாடிகள் அசையாமல் இருக்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் படத்தில் அது தெரியும். அதைப் படிக்கக் கற்றுக்கொள்ளாமல் அளக்கத் தொடங்கக் கூடாது.

மோவாய் அளவுக்கு மேல் தாழ்ந்திருந்தால் பல்வரிசை சிரிப்பதுபோல் மிகையாக வளையும். கீழ் முன்பற்களின் வேர்நுனிகள் மங்கும். மோவாய் உயர்ந்திருந்தால் பல்வரிசை தட்டையாகி, அண்ணத்தின் நிழல் மேற்பற்களின் வேர்கள்மேல் விழும். பள்ளத்துக்கு முன்னால் கடித்தால் முன்பற்கள் ஒடுங்கித் தெரியும், பின்னால் தள்ளிக் கடித்தால் அகன்று தெரியும். நாக்கு மேலே ஒட்டாவிட்டால் மேற்பற்களின் வேர்களுக்கு மேல் கரிய பட்டை ஒன்று ஓடும். கூன் விழுந்த முதியவர் நிமிர முடியாமல் நின்றால் கழுத்து முதுகெலும்பின் நிழல் நடுவில் வெள்ளைத் தூணாக விழுந்து முன்தாடையை மறைக்கும். தலை சற்றே திரும்பியிருந்தால் தாடையின் ஏறுபகுதி ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் ஒடுக்கமாகவும் தெரியும். அதைத் தாடையின் சமச்சீரின்மை என்று எழுதிவிட்டால், நோயாளி நின்ற விதத்தை அவர் எலும்பின்மேல் ஏற்றியதாகிவிடும்.

நம் வீட்டுப் பெண்களின் படங்களில் நகைகளின் நிழல் மிகுதி. காதில் தோடு இருந்தால், தோடு இருக்கும் இடத்தில் கூர்மையான ஒரு வெள்ளை உருவும், எதிர்ப்பக்கத்தில் அதைவிட உயரத்தில் பெரிதாக மங்கிய இன்னொரு உருவும் விழும். இரண்டாவது வெறும் பேய்நிழல். அங்கே எதுவும் இல்லை. கழற்றாத மூக்குத்தி மூக்கருகே வெண்புள்ளியாகத் தெரியும். கழுத்தில் கனத்த சங்கிலியோ தாலியோ இருந்தால் அதன் நிழல் மோவாய்ப் பகுதியின்மேல் விழக்கூடும். தாலியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்கிற அம்மாவை வற்புறுத்தக் கூடாது. முன்கூட்டியே, அழைப்பு கொடுக்கும்போதே, ஏன் கழற்ற வேண்டும் என்று தமிழிலோ அவர் பேசும் மொழியிலோ பொறுமையாகச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள்.

உங்கள் ஆய்வு பழைய படங்களைக் கொண்டது என்றால் அந்த வாய்ப்பு கடந்துபோயிற்று. நிழல் மறைத்த படங்களை ஒதுக்க வேண்டியதுதான். ஆனால் ஒதுக்கிய ஒவ்வொரு படத்தையும் வயது, பாலினம், காரணத்தோடு குறித்து வையுங்கள். தாலி அணிந்த மூத்த பெண்களும் கூன் விழுந்த முதியவர்களும் மிகுதியாக ஒதுக்கப்பட்டிருந்தால், மிஞ்சியவர்களை வைத்து முதுமையைப் பற்றிச் சொல்வது பிழையாகும். கூன் விழுந்தவர்களுக்கு எலும்புத் தேய்வு இருக்க வாய்ப்பு அதிகம் என்பதை எண்ணிப் பாருங்கள். நாம் தேடுகிற மாற்றத்தை உடையவர்களையே நாம் வெளியே தள்ளியிருப்போம்.

அளத்தல்

இமேஜ்ஜே என்னும் இலவச மென்பொருள் போதும். தாடைக் கோணத்துக்குக் கீழ் விளிம்பைத் தொட்டு ஒரு கோடும், ஏறுபகுதியின் பின் விளிம்பைத் தொட்டு இன்னொரு கோடும் இழுத்து, அவை சந்திக்கும் கோணத்தை இரு பக்கமும் அளந்து எழுதுங்கள். எலும்பின் அடர்த்தி பற்றிய கேள்வியானால் மோவாய்த் துளைக்கு நேர் கீழே, விளிம்பின் வெள்ளைப் பட்டையின் தடிமனை அளக்க வேண்டும். இது 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் எலும்புத் தேய்வுச் சோதனைக்கு அனுப்புவது பற்றி யோசிக்கலாம் என்பது துறையில் வழங்கும் எல்லை. அந்தத் தடிமனைத் துளையிலிருந்து கீழ் விளிம்பு வரையுள்ள உயரத்தால் வகுத்தால் கிடைக்கும் விகிதம், படம் பெரிதாகும் குறையைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

கண்ணால் பார்த்தே வகைப்படுத்தும் முறை ஒன்றும் உண்டு. 1994இல் கிளெமெட்டியும் உடனாளர்களும் வகுத்தபடி, அந்தப் பட்டையின் உள்விளிம்பு ஒழுங்காகவும் கூர்மையாகவும் இருந்தால் சி1; பிறைவடிவக் குழிவுகள் தெரிந்தால் சி2; பட்டை முழுவதும் துளைத்துப் போயிருந்தால் சி3. எளிதாகத் தோன்றும் இந்த முறையில்தான் கருத்து வேறுபாடும் மிகுதி. ஒரே படத்தை இன்று சி2 என்பவர் அடுத்த மாதம் சி1 என்பார்.

ஆகவே முழு அளவீட்டில் இறங்கும் முன், இருபது முப்பது படங்களை அளந்து, இரண்டு வாரம் கழித்து, பழைய எண்களைப் பார்க்காமல் மறுபடி அளங்கள். அனுபவமுள்ள இன்னொருவரையும் தனியாக அளக்கச் சொல்லுங்கள். வகைகளுக்குக் கப்பா மதிப்பும் எண்களுக்கு உள்தொகுப்பு ஒத்துறவு மதிப்பும் (இரண்டுமே அளவீடுகள் எந்த அளவுக்கு ஒத்துப்போகின்றன என்று காட்டுபவை) கணக்கிட்டு, ஒத்துப்போகும்வரை பயிலுங்கள். அளக்கும்போது வயது கண்ணில் படக் கூடாது. எழுபது வயது என்று தெரிந்துவிட்டால் கண் தானாகவே குழிவைத் தேடும்.

வயதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை

ஒவ்வொரு படத்துக்கும் மீதமுள்ள பற்களின் எண்ணிக்கையை எழுதாத ஆய்வை நான் ஏற்க மாட்டேன். முடிந்தால் மருத்துவக் கோப்பிலிருந்து பற்கள் எப்போது போயின, பல்செட்டு எத்தனை ஆண்டுகளாக அணிகிறார் என்பதையும் எடுங்கள். பற்கள் நிறைந்த முதியவர்களைத் தனியே பார்த்தால் கோணத்தில் பெரிய வேறுபாடு தெரியாமல் போகலாம்; வயதின்மேல் சுமத்தப்பட்டது பல் இழப்பின் வேலை என்று அப்போது புரியும்.

டர்பனின் இந்திய வம்சாவளியினரிடையே மிகுதியாக இருக்கும் நீரிழிவு ஈறு நோயோடும் பற்களைச் சுற்றியுள்ள எலும்பு இழப்போடும் தொடர்புடையது. அதைக் குறித்தாக வேண்டும். எலும்புத் தேய்வுக்கோ புற்றுநோய்க்கோ பிஸ்பாஸ்போனேட் மருந்து எடுப்பவர்களின் தாடையெலும்பு வேறுவிதமாக நடந்துகொள்ளும் என்பதால் அவர்களைத் தனியே வையுங்கள். வெற்றிலை பாக்குப் பழக்கத்தையும் விட்டுவிடாதீர்கள். டர்பனில் 1980களில் நடந்த ஆய்வில் இப்பழக்கம் பெரும்பாலும் பெண்களிடம் இருந்ததும், கன்னத்தின் உட்தோல் இறுகி வாய் திறக்க முடியாமல் போகும் நோய் அவர்களிடம் காணப்பட்டதும் பதிவாகியுள்ளன. வாய் திறக்க முடியாதவருக்கு வாய்க்குள் வைக்கும் சிறு படம் எடுப்பது கடினம். அதனாலேயே அவர்களுக்கு ஓபிஜி எடுத்திருப்பார்கள். உங்கள் சேமிப்பில் அவர்கள் அளவுக்கு மேல் இருக்கக்கூடும்.

கடைசியாக, தலைமுறை. 1950இல் கரும்புத் தோட்டக் குடியிருப்பில் பிறந்தவர், பல் வலித்தால் பிடுங்குவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லாத காலத்தில் வளர்ந்தவர். 1990இல் பிறந்தவருக்கு அடைக்கவும் வேர்ச் சிகிச்சை செய்யவும் வாய்ப்பு இருந்தது. இருவரின் படங்களும் ஒரே ஆண்டில் எடுக்கப்பட்டாலும், இடையிலுள்ள வேறுபாடு முழுவதும் நாற்பது ஆண்டு வயதின் வேறுபாடு ஆகாது. ஒரே மனிதரின் படங்கள் பத்துப் பதினைந்து ஆண்டு இடைவெளியில் இரண்டு கிடைத்தால், அத்தகையவர்கள் முப்பது பேரே ஆனாலும், வெவ்வேறு வயதினர் முந்நூறு பேரைவிட அவர்களை மேலாகக் கருதுவேன்.

எழுதும்போது

ஒவ்வொரு வயதுக் குழுவின் சராசரி அளவுக்கும் பக்கத்திலேயே அந்தக் குழுவின் சராசரிப் பல் எண்ணிக்கையை அட்டவணையில் போடுங்கள்; வாசகர் தாமே இரண்டையும் ஒப்பிடட்டும். ஒதுக்கிய படங்களின் கணக்கையும், மருத்துவமனைக்கு வந்தவர்களின் படங்களே இவை, ஊரிலுள்ள எல்லோருடையவும் அல்ல என்பதையும் மறைக்காமல் எழுதுங்கள். எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை என்றாலும் அதுவும் முடிவுதான், வெளியிடுங்கள்.

அளக்கும்போது நீங்கள் தேடாத ஒன்று கண்ணில் படலாம்: தாடைக்குள் ஒரு நீர்க்கட்டி, அல்லது தாடைக் கோணத்துக்குக் கீழே கழுத்து முதுகெலும்பை ஒட்டிக் கழுத்துத் தமனியின் சுண்ணாம்புப் படிவாக இருக்கக்கூடிய ஒழுங்கற்ற வெண்புள்ளிகள். அந்தப் படம் உங்களுக்கு ஓர் எண் மட்டுமே. ஆனால் அந்த எண்ணுக்குப் பின்னால் சிகிச்சை தேவைப்படும் ஒருவர் இருக்கிறார். ஆகவே நெறிக்குழுவுக்கு விண்ணப்பிக்கும்போதே, இப்படி ஏதேனும் தென்பட்டால் எந்தப் பல் மருத்துவர் அதை உறுதிசெய்வார், திறவுப் பட்டியலை வைத்திருக்கும் மருத்துவமனை அலுவலரிடம் எத்தனை நாளுக்குள் எண்ணைத் தெரிவிப்பீர்கள், நோயாளியை யார் அழைத்துப் பேசுவார் என்ற மூன்றையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.